குளவியை அடக்கிய நூற்புழு

ஓங்கி வளர்ந்த ஒரு மரத்தைக் குளவி கொல்ல முடியுமா? முடியும் என்பதை நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் பெரும் இழப்புக்குப் பிறகே தெரிந்துகொண்டன.

அந்தக் குளவியின் பெயர் சைரெக்ஸ். ஐரோப்பாவில் இது நலிந்துபோன பைன் மரங்களையே நாடும், பெருந்தொல்லை தருவதில்லை. 1900ஆம் ஆண்டையொட்டி இது நியூசிலாந்துக்கு வந்து சேர்ந்தது. அங்கே கலிபோர்னியாவைத் தாயகமாகக் கொண்ட ரேடியேட்டா பைன் மரங்களை நெருக்கமாக நட்டுக் காடுகளாக வளர்த்து வந்தார்கள். பரந்த நிலமெங்கும் ஒரே இன மரம். குளவிக்கோ அதன் பழைய பகைவர்கள் யாருமில்லை. கேட்க வேண்டுமா? 1940களில் வறட்சி மரங்களை வாட்டியபோது குளவிகள் பெருகிப் பேரழிவை உண்டாக்கின. 1952இல் டாஸ்மேனியாவிலும், 1961இல் ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் விக்டோரியா மாநிலத்திலும் இது காணப்பட்டது.

இது மரத்தை எவ்வாறு கொல்கிறது? பெண் குளவி தன் வயிற்றடியிலுள்ள நீண்ட ஊசியால் மரத்தைத் துளைத்து, முட்டையோடு ஒரு நச்சுக் கோழையையும் ஒருவகைப் பூஞ்சையையும் உள்ளே செலுத்துகிறது. கோழை மரத்தை நலியச் செய்கிறது. பூஞ்சை கட்டைக்குள் பரவி அதை உலரச் செய்கிறது. முட்டையிலிருந்து வெளிவரும் புழு, பூஞ்சை படர்ந்த கட்டையைக் குடைந்துகொண்டே வளர்கிறது. கட்டைக்குள் ஒளிந்திருக்கும் புழுவை வெளியே தெளிக்கும் மருந்து எப்படி எட்டும்?

விடை 1962இல் நியூசிலாந்திலேயே கிடைத்தது. சில குளவிகளின் உடலில் நுண்ணிய நூற்புழுக்கள் காணப்பட்டன. ராபின் பெடிங் என்ற அறிவியலார் இவற்றை ஆராய்ந்தபோது ஒரு வியப்பு காத்திருந்தது. இந்நூற்புழுவுக்கு இரட்டை வாழ்க்கை! ஒரு வடிவம் பூஞ்சையைத் தின்று மரத்துக்குள் பெருகுகிறது. குளவியின் புழு அருகில் இருந்தால், வேறு வடிவில் தோன்றும் பெண் நூற்புழு அதன் உடலுக்குள் புகுந்துகொள்கிறது. அதன் குஞ்சுகள் பெண் குளவியின் முட்டைகளுக்குள் நுழைந்து அவற்றை மலடாக்குகின்றன. அக்குளவி வழக்கம்போல் பறந்துபோய் வேறொரு மரத்தில் முட்டையிடும். ஆனால் அங்கே பிறப்பவை குளவிகளல்ல, நூற்புழுக்கள்! பகைவனைச் சுமந்து செல்லும் வேலையைக் குளவியே செய்துவிடுகிறது.

ஆய்வுக்கூடத்தில் பூஞ்சையை உணவாகக் கொடுத்து இந்நூற்புழுக்களைப் பெருமளவில் வளர்த்து, மரங்களில் துளையிட்டுச் செலுத்தினார்கள். குளவியின் தொல்லை குறைந்தது. அதனால் கவனமும் குறைந்தது.

1987இல் தெற்கு ஆஸ்திரேலியா, விக்டோரியா எல்லைப்புறக் காடுகளில் குளவி மீண்டும் கிளம்பியது. சில ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய 50 லட்சம் மரங்கள் மடிந்தன. காரணங்கள் யாவை? மரங்கள் அளவுக்கு மீறி நெருங்கி நின்றன; களைந்து இடைவெளி ஏற்படுத்தவில்லை. மற்றொரு காரணம் யாரும் எதிர்பாராதது. பல ஆண்டுகள் ஆய்வுக்கூடத்தில் பூஞ்சையை மட்டுமே தின்று தலைமுறை தலைமுறையாக வளர்ந்த நூற்புழுக்கள், குளவியின் புழுவுக்குள் புகும் திறனைப் பெரிதும் இழந்திருந்தன. உட்கார்ந்து உண்ட வீரன் போரை மறந்த கதைதான்!

முன்னர் நூற்புழுக்களை விட்டிருந்த டாஸ்மேனியாவின் கமோனா காட்டிலிருந்து வீரியம் குன்றாத நூற்புழுக்களை 1991இல் மீண்டும் சேகரித்தார்கள். இவ்வினம் கெடாதிருக்க, அதை மிகக் குளிர்ந்த திரவ நைட்ரஜனில் உறைய வைத்துக் காக்கிறார்கள்.

சைரெக்ஸ் 1988இல் பிரேசிலிலும், 1994இல் தென்னாப்பிரிக்காவிலும், 2004இல் அமெரிக்காவிலும் கண்டறியப்பட்டது. மரப்பெட்டிகளும் பலகைகளும் கடல் கடக்கும்போது பூச்சிகளும் உடன் பயணம் செய்யக்கூடும். ஆகவேதான் துறைமுகங்களில் மரச் சரக்குகளைச் சோதிக்கிறார்கள். பெட்டி செய்யும் மரத்தை முன்னதாகவே சூடேற்றிப் பூச்சிகளைக் கொல்கிறார்கள்.

மாணவர்களே, மரம் நடுவது நல்ல செயல். ஆனால் நட்டதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. வேண்டிய இடைவெளி விட்டு வளர்ப்பதும், ஆண்டுதோறும் கண்காணிப்பதும் நடுவதைப் போலவே முக்கியமானவை. நமக்குத் துணை நிற்கும் சிற்றுயிரின் திறனையும் அவ்வப்போது சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதே அந்த 50 லட்சம் மரங்கள் விட்டுச் சென்ற பாடம்.