டிசம்பரில் இடம், அக்டோபரில் கையெழுத்து

நம் சங்கத்து உறுப்பினர் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் இரவு என் வீட்டிற்கு வந்தார். கையில் நான்கைந்து தாள்கள். அவருடைய மகளுக்கு அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்த செய்தியை அந்த வாரம்தான் இனிப்புடன் எல்லோருக்கும் சொல்லியிருந்தார். ஆனால் அன்று முகத்தில் மகிழ்ச்சியைக் காணவில்லை.

"ஸார், உதவித்தொகை போக வருஷத்துக்கு முப்பத்தைந்து லட்சம் கட்டணுமாம். வேற காலேஜுக்குப் போடலாம்னா, போடக்கூடாதுன்னு பொண்ணு அழறா. நீங்க ஒரு தடவை படிச்சுப் பாருங்க" என்றார்.

படித்துப் பார்த்தேன். பெண் சொன்னது சரிதான். இடம் கிடைத்தால் அங்கேயே சேருவோம், மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்றுக்கொள்வோம் என்ற உறுதிமொழியில் மாணவி, தந்தை, பள்ளி ஆலோசகர் ஆகிய மூவரும் கையெழுத்திட்டிருந்தார்கள். அக்டோபரில் மகள் கணினியை நீட்டி "அப்பா, இங்கே ஒரு கையெழுத்து" என்றபோது, வழக்கமான பள்ளிப் படிவம் என்று நினைத்து அவர் ஒப்புதல் தந்துவிட்டார். அன்று என்னைக் கேட்டிருந்தாலும் "போடுங்கள்" என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். அதன் பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

மூன்று வகை

அமெரிக்காவில் பொதுவான விண்ணப்பங்களுக்குக் கடைசி நாள் ஜனவரி முதல் வாரத்தை ஒட்டி வரும். முடிவு மார்ச் இறுதியில் தெரியும். கிடைத்த இடங்களை ஒப்பிட்டு, மே 1-க்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். இது பொது வழி.

இதற்கு முன்னால் நவம்பர் 1 அல்லது 15-இல் முடியும் முன்கூட்டிய வழிகள் இருக்கின்றன. இவற்றின் முடிவு பெரும்பாலும் டிசம்பர் நடுவில் வந்துவிடும். இங்கேதான் பெயர்க் குழப்பம். 'ஏர்லி ஆக்ஷன்' என்றால் முடிவு சீக்கிரம் தெரியும், ஆனால் சேர வேண்டிய கட்டாயம் கிடையாது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்ட் ஆகியவை இதிலேயே ஒரு நிபந்தனை வைத்திருக்கின்றன: அதே சமயத்தில் வேறு தனியார் கல்லூரிக்கு முன்கூட்டி விண்ணப்பிக்கக் கூடாது. ஆனாலும் சேருவது கட்டாயமில்லை.

'ஏர்லி டிசிஷன்' அப்படியல்ல. இது கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். கொலம்பியா, கார்னெல், பிரவுன், டார்ட்மத், பென்சில்வேனியா ஆகிய பல்கலைக்கழகங்களும் பல சிறிய தனியார் கல்லூரிகளும் இதைப் பின்பற்றுகின்றன. ஒருவர் ஒரு கல்லூரிக்கு மட்டுமே இப்படி விண்ணப்பிக்கலாம். சில கல்லூரிகளில் ஜனவரியில் இரண்டாவது சுற்றும் உண்டு; அதன் முடிவு பிப்ரவரியில் வரும். முதல் சுற்றில் முடிவு சொல்லாமல் பொது வரிசைக்குத் தள்ளி வைத்தால், மாணவருக்கு அந்தக் கட்டுப்பாடு நீங்கிவிடும்.

இரயில்வேயில் இருந்தவன் என்பதால் எனக்கு ஒற்றைப் பாதையின் டோக்கன்தான் நினைவுக்கு வருகிறது. ஒரு வண்டிக்கு டோக்கன் எடுத்துக் கொடுத்துவிட்டால், அது அடுத்த நிலையம் போய்ச் சேரும் வரை அந்தப் பாதையில் வேறு வண்டியை விட முடியாது. ஏர்லி டிசிஷனும் அப்படித்தான். கையில் ஒரே டோக்கன். எடுப்பதற்கு முன்தான் யோசிக்க வேண்டும்.

கல்லூரிக்கு என்ன லாபம்?

ஒரு கல்லூரியில் 1,000 இடங்கள் என்று வைத்துக்கொள்வோம். இடம் கொடுத்தவர்களில் மூன்றில் ஒருவர்தான் சேருவார் என்றால் 3,000 பேருக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். அதிகம் பேர் வந்துவிட்டால் விடுதியில் இடமிருக்காது. குறைந்தால் கட்டண வருவாய் போகும். ஏர்லி டிசிஷனில் 400 பேரை எடுத்துவிட்டால் அந்த 400 பேரும் ஏறக்குறைய நிச்சயம். மீதி 600 இடங்களுக்குத்தான் ஊகம் தேவை. இடம் பெற்றவர்களில் பெரும்பாலோர் சேருகிறார்கள் என்ற பெயரும் கல்லூரிக்குக் கிடைக்கும்.

மாணவருக்கும் லாபம் உண்டு. ஏவரி, ஃபேர்பேங்ஸ், செக்ஹவுசர் ஆகிய மூவர் 2003-இல் வெளியிட்ட நூலில், முன்கூட்டி விண்ணப்பிப்பது எஸ்.ஏ.டி. தேர்வில் ஏறத்தாழ 100 மதிப்பெண் கூடுதலாக வாங்கியதற்குச் சமமான பலன் தருகிறது என்று கணக்கிட்டார்கள். அதற்காக, கல்லூரிகள் வெளியிடும் முன்கூட்டிய சேர்க்கை விகிதத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. விளையாட்டு வீரர்களும் பழைய மாணவர்களின் பிள்ளைகளும் அந்த வரிசையில் அதிகம் நிற்கிறார்கள்.

இந்த முறை வசதி படைத்தவர்களுக்கே சாதகம் என்ற குறை அமெரிக்காவிலேயே நீண்ட நாளாக இருக்கிறது. அந்தக் காரணத்தைச் சொல்லித்தான் ஹார்வர்ட் 2006-இல் தன் முன்கூட்டிய சேர்க்கையைக் கைவிடுவதாக அறிவித்தது. பிரின்ஸ்டனும் பின்தொடர்ந்தது. மற்றவர்கள் பின்பற்றாததால் இரண்டும் 2011-இல், கட்டாயமில்லாத வடிவில், மீண்டும் தொடங்கின.

பணத்தின் கணக்கு

நம்மவர்களுக்கு உண்மையான சிக்கல் இங்கேதான். பொது வழியில் நான்கு கல்லூரிகள் இடம் கொடுத்தால் நான்கு உதவித்தொகைக் கடிதங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஏர்லி டிசிஷனில் ஒரே கடிதம்தான் வரும். விலையை ஒப்பிடும் உரிமையை விட்டுக்கொடுத்துத்தான் அந்தச் சலுகையை வாங்குகிறோம்.

பல தனியார் கல்லூரிகளில் கட்டணம், விடுதி, உணவு எல்லாம் சேர்ந்து ஆண்டுச் செலவு 80,000 டாலரைத் தாண்டிவிட்டது. டாலர் 85 ரூபாய் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 68 லட்சம், நான்கு ஆண்டுக்கு 2 கோடியே 72 லட்சம். ஆண்டுதோறும் ஏறும் கட்டணத்தை இதில் நான் சேர்க்கவில்லை.

வெளிநாட்டு மாணவர் உதவி கேட்கிறாரா என்பதைப் பார்க்காமலே தேர்வு செய்யும் கல்லூரிகள் சிலவே. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத் ஆகியவை அவற்றில் அடங்கும். பெரும்பாலான மற்ற கல்லூரிகளில் உதவி கேட்பதும் தேர்வில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். "முதலில் கேட்காமல் சேர்ந்துவிட்டு, இரண்டாம் ஆண்டு கேட்கலாம்" என்று சிலர் யோசனை சொல்வார்கள். பல கல்லூரிகளில் முதலில் கேட்காத வெளிநாட்டு மாணவருக்கு நான்கு ஆண்டும் கிடையாது.

ஒப்பந்தத்தில் ஒரு கதவு திறந்திருக்கிறது. உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருந்து, கல்லூரி தரும் தொகை போதாமல் சேர இயலாது என்றால், விலகிக்கொள்ளலாம். ஆனால் உதவியே கேட்காதவருக்கு இந்தக் கதவு இல்லை. காரணமின்றி வாக்கை மீறினால் கையெழுத்திட்ட பள்ளியின் பெயரும் கெடும். அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு அது தடையாகலாம்.

கையெழுத்துக்கு முன்

பெற்றோர் கவனிக்க வேண்டியவை இவை:

1. எல்லாக் கல்லூரியும் இடம் கொடுத்தாலும் இதையேதான் பிள்ளை தேர்ந்தெடுக்குமா? 'எங்காவது கிடைத்தால் போதும்' என்பதற்கான வழி அல்ல இது.

2. உதவியே கிடைக்காவிட்டால் எவ்வளவு கட்ட முடியும் என்பதைத் தாளில் எழுதுங்கள். வீட்டுக் கடன், இளையவர்களின் படிப்பு, தாத்தா பாட்டி மருத்துவச் செலவு எல்லாவற்றையும் கழித்த பிறகு எழுதுங்கள். பிள்ளையிடம் அந்தத் தொகையை மறைக்க வேண்டாம்.

3. கல்லூரியின் இணையப் பக்கத்தில் இருக்கும் கட்டணக் கணிப்பான் பெரும்பாலும் அமெரிக்கக் குடும்பங்களுக்காக அமைந்தது. அதை நம்பாமல், உதவித்தொகை அலுவலகத்திற்கு செப்டம்பரிலேயே எழுதிக் கேளுங்கள்.

4. நவம்பர் விண்ணப்பத்தில் பதினொன்றாம் வகுப்பு வரையிலான மதிப்பெண்களே பெரிதும் பேசும். பன்னிரண்டில் முன்னேறிவரும் பிள்ளைக்குப் பொது வழியே நல்லது.

5. ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள். ஆங்கிலம் கடினமாக இருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதில் வெட்கமில்லை.

அந்த நண்பர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருந்ததால் தப்பித்தார். நாங்கள் இருவரும் உட்கார்ந்து வருமானச் சான்றுகளுடன் கடிதம் எழுதினோம். கல்லூரி தொகையைச் சிறிது உயர்த்தியது. அதுவும் போதவில்லை என்றதும் விடுவித்தது. அதற்குள் டிசம்பர் கடைசி வந்துவிட்டது. மற்ற விண்ணப்பங்களுக்கு நான்கு நாள்தான் மிச்சம். அந்தப் பெண் இப்போது இந்தியாவிலேயே ஒரு கல்லூரியில் நன்றாகப் படிக்கிறாள். ஆனால், கிடைத்த இடத்தைத் தன் வீட்டின் பணக்கணக்கால் விட்டோம் என்ற வருத்தம் பதினேழு வயதில் அவளுக்கு வந்திருக்க வேண்டாம். அந்தக் கணக்கை அக்டோபரில் போட்டிருந்தால், விண்ணப்பமே வேறு வழியில் போயிருக்கும்.

1979-இல் டிப்ளமா முடித்தபோது என் தகப்பனாருக்கு என் படிப்பில் ஒரே ஒரு படிவம்தான் வந்தது. இரண்டு முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். நாமும் அதையாவது செய்வோம். இந்த ஆண்டு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டார் தாள்களை எடுத்துக்கொண்டு வரலாம். ஞாயிறு காலை சங்க நூலகத்தில் இருப்பேன்; சேர்ந்து படிப்போம்.