லாட்ஜ் வைத்தியரிடம் போகும் முன்

திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டியோடு போர்வெல் போடக் கிளம்புகிறவர்கள் வெளிமாநிலங்களில் மாதக்கணக்கில் தங்கிவிடுகிறார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வரும் பீகார், ஒடிசா இளைஞர்கள் ஒரே அறையில் பல பேராகப் படுத்துக்கொள்கிறார்கள். நீண்ட ஷிப்டு, ஊரில் ஏறும் வட்டி, போனில் மனைவியிடம் சொல்ல முடியாத கவலை. சம்பள நாளில் குடித்த பிறகு, "நீயெல்லாம் ஆம்பளையா?" என்று கூட்டாளிகள் வெளி உறவுக்கு உசுப்பினால் மறுக்கத் தெம்பு இருப்பதில்லை. ஆணுறை நினைவுக்கும் வருவதில்லை. இதை ஒழுக்கக்கேடு என்று திட்டித் தீர்க்கலாம்தான். ஆனால், அந்தத் திட்டுக்குப் பயந்துதான் பலர் பால்வினை நோயை மறைக்கிறார்கள்.

பயந்தவர் முதலில் தேடிப்போவது பஸ் ஸ்டாண்டுச் சுவர் நோட்டீஸில் பார்த்த லாட்ஜ் வைத்தியரை. அந்தப் பயத்தில்தான் அவர் பிழைப்பு ஓடுகிறது. தூக்கத்தில் விந்து வெளியேறுவதும் சுய இன்பமும் நோயல்ல. அதனால் உடம்பில் சத்து குறைவதும் இல்லை. விந்து போவதால்தான் உடம்பு கெட்டது என்று நம்பிச் சோர்ந்துபோகிறவர்களின் நிலைக்கு 1960-லேயே மனநல மருத்துவர் என்.என். விக் 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார். லேகியத்தைவிட மனநல ஆலோசனைதான் அவர்களுக்கு உதவும். ஆண்மைக்குறைவுக்கும் பால்வினை நோய்க்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதே 1954-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நோட்டீஸ் ஒட்டுகிறவர்களுக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை.

நிஜமான நோய்க்கு அறிகுறிகள் வேறு. சிறுநீர் போகையில் எரிச்சல், சீழ், பிறப்புறுப்பில் புண், தொடையிடுக்கில் நெறிகட்டுதல். இவற்றில் சிபிலிஸ் புண் பொல்லாதது. பெரும்பாலும் வலிக்காது, சில வாரங்களில் தானாக ஆறியும்விடும். களிம்பு தடவியவர் களிம்பைப் புகழ்வார். கிருமியோ உடம்பிலேயே தங்கிவிடும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது மனைவிக்கும், அவர் கருவுற்றால் குழந்தைக்கும் தொற்றக்கூடும். பால்வினைப் புண் இருந்தால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பும் கூடும். கணவர் மட்டும் மருந்து எடுத்துப் பயனில்லை, மனைவியையும் பரிசோதிக்க வேண்டும்.

தமிழக அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்க்குச் சுகவாழ்வு மையமும், எச்.ஐ.வி. பரிசோதனைக்கு நம்பிக்கை மையமும் இருக்கின்றன. இரண்டிலும் சேவை இலவசம். எச்.ஐ.வி. தொற்றியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்த்து, 28 நாள் தடுப்பு மருந்து தேவையா என்று கேளுங்கள். 72 மணி நேரத்தைத் தாண்டினால் அந்த மருந்து உதவாது. மறுநாளே பரிசோதனை செய்து 'இல்லை' என்று வந்துவிட்டதாக நிம்மதி அடைய வேண்டாம். மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

வேலை போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டத்தைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. வேலைக்குச் சேர எச்.ஐ.வி. பரிசோதனையைக் கட்டாயமாக்கக் கூடாது. சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கவும் கூடாது. தொற்று இருப்பதைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதும் சட்டவிரோதம். நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் புகார் அதிகாரி இருக்க வேண்டும். அங்கே தீராவிட்டால் மாநில அளவில் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ரகசியத்துக்கும் ஒரு விலக்கு உண்டு. மனைவிக்கு ஆபத்து இருந்து, ஆலோசனைக்குப் பிறகும் கணவர் சொல்லாவிட்டால், கணவரிடம் தெரிவித்துவிட்டு மருத்துவரே மனைவியிடம் சொல்லச் சட்டம் இடம் தருகிறது.

விமானம் ஏறியவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. வளைகுடா நாடுகளில் வேலை விசாவுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயம், தொற்று தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அப்படித் திரும்பியவருக்கு இங்கே எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையங்களில் கூட்டு மருந்து இலவசம். தினமும் விடாமல் எடுத்து, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் மற்றவருக்குத் தொற்றாது. எங்கே போவது என்று தெரியாதவர்கள் எய்ட்ஸ் உதவி எண் 1097-ஐக் கட்டணமின்றி அழைக்கலாம். தூக்கமின்மை, தனிமை, குற்ற உணர்வு, சாக வேண்டும் என்ற எண்ணம் எதுவானாலும் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் 14416 எண்ணில் இரவும் பகலும் பேசலாம். தமிழ் தெரியாத அறைத்தோழர் இந்தியிலேயே பேசலாம்.