உஷார்! கையில் இருக்கும் மெடிக்கல் சீட்டை இழந்துவிடாதீர்கள்!

வேங்கிக்கால் பெற்றோரே, ஒரு நிமிஷம்! பிள்ளைக்கு எம்.பி.பி.எஸ். சீட் கிடைத்துவிட்டதா? சந்தோஷம். "அடுத்த ரவுண்டில் இதைவிட நல்ல காலேஜ் கிடைக்குமாம்" என்று யாராவது காதில் ஓதினார்களா? அங்கேதான் ஆபத்து.

கிடைத்த சீட் பறிபோக ஒரே ஒரு 'டிக்' போதும்!

நம் பக்கத்துப் பையன் ஒருவன். பெயர் வேண்டாம். அகில இந்திய ஒதுக்கீட்டின் இரண்டாம் சுற்றில் வடக்கே ஓர் அரசுக் கல்லூரியில் சேர்ந்தான். பாஷை புரியவில்லை, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. சேரும்போதே அப்கிரேடேஷனுக்கு, அதாவது அடுத்த சுற்றில் வேறு இடம் கிடைத்தால் மாறுவதற்கு, 'டிக்' போட்டுச் சம்மதம் கொடுத்திருந்தான். மூன்றாம் சுற்றில், "சும்மா போட்டு வைப்போம்" என்று வீட்டார் சென்னைப் பக்கத்து நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களையும் சாய்ஸில் சேர்த்தார்கள். அதற்கான 2 லட்சம் டெபாசிட்டை நகையை அடகு வைத்து முன்பே கட்டியிருந்தார்கள்.

இடம் கிடைத்தது. ஆண்டுக் கட்டணமோ 20 லட்சத்துக்கு மேல்!

"வேண்டாம், பழைய காலேஜிலேயே படிக்கிறேன்" என்றான். முடியாது! புது இடம் ஒதுக்கியதுமே பழைய இடம் தானாக ரத்து. அது வேறொரு பிள்ளைக்குப் போய்விட்டது. டெபாசிட்டும் போச்சு. கடைசிச் சுற்றில் கலந்துகொள்ளவும் வழியில்லை. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதைதான்.

அகில இந்தியக் கலந்தாய்வை நடத்தும் மருத்துவக் கலந்தாய்வுக் குழுவின் (எம்.சி.சி.) விதி இதுதான். முதல் சுற்றில் கிடைத்த இடத்தை நஷ்டமில்லாமல் விடலாம். இரண்டாம் சுற்றில் விட்டால் டெபாசிட் காலி. மூன்றாம் சுற்றில் சேர்ந்தால் விலகவே முடியாது. கடைசி ஸ்ட்ரே சுற்றில் கிடைத்துச் சேராவிட்டால், அடுத்த நீட் எழுதவும் தடை!

"டெல்லி எம்.சி.சி. கவுன்சலிங் வேறு, தமிழக இடங்களை ஒதுக்கும் கீழ்ப்பாக்கம் தேர்வுக் குழு வேறு, இரண்டிலும் ஒரு கை பார்ப்போம்" என்று எண்ணாதீர்கள். சேர்ந்தவர் பட்டியலை இருவரும் பகிர்ந்துகொள்வதால் மாட்டிக்கொள்வீர்கள்.

கடைசி நேரச் சுற்றை மலைபோல் நம்பவும் வேண்டாம். முதுநிலைப் படிப்புக்கான அகில இந்திய மாப்-அப் (மீதி இடங்களை நிரப்பும்) சுற்றையே 2022 மார்ச் 31 அன்று சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. எம்.டி. படிக்கக் காத்திருந்த டாக்டர்களுக்கே அந்த கதி!

இவை அபாய அறிகுறிகள். கவனியுங்கள்!

1. "வெயிட்டிங் லிஸ்ட்டில் உங்கள் பெயர் வந்துவிட்டது, உடனே பணம் அனுப்புங்கள்" என்று போன் வருகிறதா? துண்டியுங்கள். நிர்வாக ஒதுக்கீட்டு இடம்கூட கலந்தாய்வு வழியாகத்தான் வரும்.

2. அலாட்மென்ட் ஆர்டர் வருவதற்கு முன்பே "டி.சி. வாங்கிவிடுங்கள்" என்கிறார்களா? அசையாதீர்கள்.

3. ராஜினாமாவை வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும் என்கிறார்களா? போதாது! அகில இந்திய இடமென்றால், கல்லூரி எம்.சி.சி. போர்ட்டல் வழியாக ஆன்லைனில் விடுவிப்புக் கடிதம் எடுக்க வேண்டும். இல்லையென்றால் ராஜினாமாவே செல்லாது.

4. "கடைசி தேதி போனால் என்ன, பின்தேதியிட்டுச் சேர்த்துவிடலாம்" என்கிறார்களா? அந்தச் சேர்க்கை செல்லாது. பணமும் வருஷமும் சேர்ந்தே போகும்.

5. முதலில் சேர்ந்த கல்லூரியில், வாசித்துப் பார்க்காமலே பாண்டில் கையெழுத்துப் போட்டீர்களா? இடையில் நின்றால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று இன்றே பாருங்கள். பிள்ளையின் அசல் சான்றிதழ்கள் அங்கேதான் இருக்கின்றன!

நம் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி 2013இல் தொடங்கியபோது இருந்தவை 100 இடங்கள்தான். ஒரு சீட்டுக்கு எத்தனை பிள்ளைகள் காத்துக் கிடக்கிறார்கள் என்று யோசியுங்கள். நீங்கள் விட்டது திரும்பி வராது.

விதிகள் வருஷா வருஷம் மாறும். போன வருஷம் சேர்ந்த பையன் சொன்னதை நம்பாதீர்கள். இந்த ஆண்டின் தகவல் கையேட்டை வரி விடாமல் படியுங்கள். புரியாவிட்டால் தேர்வுக் குழுவையே கேளுங்கள், புரோக்கரைக் கேட்காதீர்கள். பிரௌசிங் சென்டரில் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். போக மனமில்லாத கல்லூரியை, பணம் கட்ட முடியாத கல்லூரியை, சாய்ஸில் போடவே போடாதீர்கள்!