முகத்தில் ஒளி விழட்டும்

உங்கள் இல்லத்துப் பழைய ஆல்பத்தை எடுத்துச் சற்றே புரட்டிப் பாருங்கள். எத்தனை படங்களில் முகங்கள் தெளிவாகத் தெரிகின்றன? எத்தனை படங்களில், "இது யார், பெரியம்மாவா, மாமியா?" என்று ஒருவரையொருவர் வினவ வேண்டியிருக்கிறது?

எங்கள் ஆல்பத்தில் அத்தகைய படம் ஒன்று உண்டு. 1991-ஆம் ஆண்டு என் தங்கையின் நிக்காஹ் நாளன்று எடுத்தது. வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த மச்சான், புதிதாக வாங்கி வந்த கேமராவால் ஆசையோடு எடுத்தார். ஜன்னலுக்கு முதுகைக் காட்டியவாறு நாற்காலியில் வாப்பா அமர்ந்திருக்கிறார்கள். வெளியே தென்னங்கீற்றுகளை எண்ணிவிடலாம்; அவ்வளவு தெளிவு. வாப்பாவின் முகமோ வெறும் கரிய நிழல். அடுத்த ஆண்டே அவர்கள் வஃபாத்தாகிவிட்டார்கள். பாஸ்போர்ட்டுக்கென எடுத்த சிறு படத்தைத் தவிர, எங்களிடம் எஞ்சியிருப்பது அந்த நிழல்தான். நெகட்டிவை எடுத்துக்கொண்டு இரண்டு ஸ்டூடியோக்களுக்கு அலைந்தேன். பிலிமில் பதியாத முகத்தைக் கொண்டுவர இயலாது என்று இருவரும் கையை விரித்துவிட்டனர்.

மச்சானைக் குறை கூறிப் பயனில்லை. கேமராவுக்கு வாப்பா யார், ஜன்னல் எது என்ற வேறுபாடு தெரியாது. தன் முன்னுள்ள ஒளியை அளந்து, அதை ஒரு நடுத்தர அளவிற்குக் கொண்டுவர முனைவதே அதன் இயல்பு. வெளியே கொட்டிக் கிடந்த வெயிலைக் கண்டு, உள்ளே வரும் ஒளியை அது குறைத்துக்கொண்டது. இன்றைய கைப்பேசிகள் முகத்தை இனங்கண்டு ஓரளவு சரிசெய்துகொள்கின்றன என்பது உண்மையே. ஆயினும் பின்னணியில் வெயில் கடுமையாக இருப்பின், அவையும் தடுமாறவே செய்கின்றன.

அன்று நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தால் போதும். நீங்கள் ஜன்னலை ஒட்டி நில்லுங்கள். படத்தில் இருப்பவர் ஜன்னலைப் பார்த்து, அதிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி அமரட்டும். நேர் எதிராக அல்லாமல் சற்றே சாய்வாக அமர்ந்தால், ஒரு கன்னத்தில் வெளிச்சமும் மறு கன்னத்தில் மெல்லிய நிழலும் விழுந்து, முகத்தின் வடிவம் நன்கு புலப்படும். நிழல் மிகக் கருத்துத் தெரிந்தால், அந்தப் பக்கம் ஒரு வெள்ளை வேட்டியை ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வெயில் நேராக முகத்தில் விழுந்தால் மெல்லிய வெள்ளைத் திரையை இழுத்துவிடுங்கள். அறையின் மஞ்சள் விளக்கை அணைத்துவிடுவது நல்லது. இருவேறு நிற ஒளிகள் கலந்தால் முகத்தின் நிறம் கெடும்.

ஒளியைப் பற்றிப் பேசும்போது இப்னுல் ஹைதம் அவர்களை நினையாதிருக்க முடியவில்லை. பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அவ்வறிஞர், 11-ஆம் நூற்றாண்டில் எழுதிய 'கிதாபுல் மனாழிர்' என்னும் நூலில், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்னும் பழங்கருத்தை மறுத்தார். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே நாம் காண்கிறோம் என்று விளக்கினார். இருட்டறைக்குள் சிறு துளை வழியே விளக்கொளியைச் செலுத்திச் சோதித்தும் பார்த்தார். கேமராவின் கதையும் அதுவே. முகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியே படமாகிறது. அவ்வொளி இல்லாதபோது, எத்துணை விலையுயர்ந்த கருவியாலும் பெரும்பயன் இல்லை.

அடுத்து, பெருநாள் காலைப் படங்களைப் பாருங்கள். குடும்பமே வெண்ணிற ஆடையில் நிற்கிறது. படத்தில் ஆடை அழுக்கேறிய சாம்பல் நிறமாகவும் முகங்கள் மங்கியும் இருக்கின்றன. காரணம் முன்னர்ச் சொன்னதே. வெண்மை மிகுதியைக் கண்ட கருவி, அதை நடுத்தரமாக்க முயன்று படத்தை இருட்டிவிடுகிறது. கைப்பேசித் திரையில் முகத்தின்மீது விரலால் ஒருமுறை தொடுங்கள். பெரும்பாலான கைப்பேசிகளில் சிறு சூரியக் குறி ஒன்று தோன்றும். அதைச் சற்று மேலே நகர்த்தினால் வெண்மை வெண்மையாகும். கேமராவாயின், கூட்டல் கழித்தல் குறியிட்ட பொத்தானில் கூட்டல் பக்கம் ஒரு படி போதும். கருப்பு உடையினர் திரளாக நிற்கும் படத்திலோ இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும்.

நண்பகல் வெயிலில் எவரையும் நிறுத்தாதீர்கள். கண்குழிகளில் நிழல் விழுந்து, இளைஞரும் நோயாளிபோல் தோன்றுவர். திண்ணை நிழலே மேல். தொலைவில் உள்ளவரை விரல்களால் திரையில் பெரிதாக்குவதைவிட நான்கடி நடந்து செல்லுங்கள். ஆனால் முகத்தருகே மிக நெருங்கினால் மூக்கு பெரிதாகிவிடும். எடுக்குமுன் லென்ஸை மென்துணியால் துடையுங்கள். என் கைப்பேசி பழுதாகிவிட்டது என்று ஒரு மாதம் வருந்திய பின்னரே, அது என் பேரனின் எண்ணெய் விரல் செய்த வேலை என்று கண்டேன்!

மற்றொன்று: கேட்டுவிட்டு எடுங்கள். மகளிர் கூடியுள்ள இடத்தில் இது மிகவும் முக்கியம். விருப்பமில்லாதவரை வற்புறுத்துவதும், எடுத்ததை அவர்கள் அறியாமல் வாட்ஸ்அப் குழுக்களில் பரப்புவதும் தகாத செயல்கள். இசைந்து அமர்ந்தவரின் முகத்தில்தான் இறுக்கம் தளரும்.

பிலிம் சுருளில் 36 படங்களே எடுக்கலாம் என்றிருந்த காலத்தில், பொத்தானை அழுத்துமுன் ஒரு கணம் உற்றுப் பார்த்தோம். இன்று ஒரே நிகழ்ச்சியில் முந்நூறு எடுத்துவிட்டு ஒன்றையும் திரும்பப் பார்ப்பதில்லை. ஒரு பயிற்சி செய்து பாருங்கள். வீட்டில் ஒருவரை அதே ஜன்னலருகே காலை ஏழு மணிக்கும், நண்பகலிலும், மாலை ஐந்து மணிக்கும் எடுத்து, மூன்று படங்களையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். நன்றாக வந்ததை அச்சிட்டு, பின்புறம் பெயரையும் ஆண்டையும் மென்மையான பென்சிலால் எழுதிவையுங்கள். பால்பாயிண்ட் பேனாவை அழுத்தி எழுதினால் அதன் தடம் முகத்தில் தெரியும்.

எங்கள் உம்மாவுக்கு இப்போது வயது எண்பதைக் கடந்துவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் அஸருக்குப் பின் அவர்களை ஒரு படம் எடுக்கிறேன். "போதும் தம்பி, எத்தனை தடவைதான் எடுப்பே?" என்று சலித்துக்கொண்டே முந்தானையைச் சரிசெய்துகொள்கிறார்கள். அதே ஜன்னல்தான். நாற்காலியை மட்டும் திருப்பிப் போட்டிருக்கிறேன்.