எட்டு சென்ட் தபால் தலை

1998-ஆம் ஆண்டின் இறுதியில், என்னிடம் பயின்ற பழைய மாணவர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து எனக்குக் கடிதம் எழுதினார். கடிதத்தைவிட அதன் உறையே எங்கள் பள்ளியில் பரபரப்பை உண்டாக்கிற்று. உறையின் மூலையில் ஒரே மாதிரியான இரண்டு தபால் தலைகள் ஒட்டப்பட்டிருந்தன. தபால் தலை சேகரிக்கும் மாணவர் இருவர் ஆளுக்கொன்றாக அவற்றைப் பங்கிட்டுக் கொண்டனர். அதில் ஒரு பெண்ணின் உருவம். அவள் ஒரு கையை உயர்த்தித் தலைக்குப் பின்னே கொண்டு சென்றிருந்தாள். "ஐயா, இவள் எதற்காக இப்படிக் கையைத் தூக்கியிருக்கிறாள்?" என்று ஒருவன் வினவினான். "முதுகிலுள்ள அம்பறாத்தூணியிலிருந்து அம்பு எடுக்கிறாள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நான் சொன்னது பொய்யன்று. ஆனால் பாதி விடைதான். மற்றப் பாதியை வகுப்பறையில் வாய்விட்டுச் சொல்ல எனக்கு நாணமாக இருந்தது.

மாணவர்களே, அந்தத் தபால் தலை மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பொருள் சேர்ப்பதற்காக 1998 ஜூலை மாதத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வெளியிடப்பட்டதாகும். அதிலுள்ள உருவம் பழங்கதைகளில் வரும் வேட்டைத் தெய்வம். அவள் அம்பு எடுப்பது நோயென்னும் பகையை எதிர்ப்பதற்காக. அன்றியும், மார்பைப் பரிசோதிக்கும்போது ஒரு பெண் எவ்வாறு கையை உயர்த்துவாளோ, அந்த நிலையிலேயே ஓவியர் அவளை வரைந்திருந்தார். இதுவே நான் சொல்லாமல் விட்ட பாதி.

அந்நாளில் அங்கே ஒரு கடிதத்திற்குரிய கட்டணம் 32 சென்ட். இத்தபால் தலையின் விலையோ 40 சென்ட். மிகுதியான எட்டு சென்ட், நிர்வாகச் செலவு போக, ஆராய்ச்சிக்குச் சென்றது. பின்னர் கட்டணம் மாறுந்தோறும் இந்த மிகுதியும் மாறிற்று. இந்த எண்ணம் தோன்றியது ஓர் அமைச்சருக்கோ செல்வருக்கோ அன்று. எர்னி போடாய் என்னும் கலிபோர்னியா மாநில அறுவை மருத்துவருக்கு. நோயுற்ற பெண்களைத் தம் மேசையில் நாள்தோறும் கண்டவர் அவர். அதுவரை அமெரிக்காவில் நன்கொடைக்கென்று தபால் தலை வெளியிடும் வழக்கமே இல்லை; அஞ்சல் துறையும் இதை விரும்பவில்லை. அவர் தம் கைப்பணத்தைச் செலவிட்டுத் தலைநகருக்குப் பலமுறை சென்று, உறுப்பினர்களைக் கண்டு வாதாடினார். 1997-இல் சட்டம் நிறைவேறிற்று. அதன் காலக்கெடு முடியுந்தோறும் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. இதுவரை நூறு கோடிக்கு மேற்பட்ட தபால் தலைகள் விற்று, ஒன்பது கோடி டாலருக்கு மேல் சேர்ந்திருக்கிறது.

நம் நாட்டில் காசநோய் ஒழிப்புக்காக விற்கப்படும் டி.பி. சீல் இதற்கு உறவினன் என்று சொல்லலாம். காந்தி ஜயந்தியை ஒட்டி அவை பள்ளிக்கு வந்து சேரும். நானே பல ஆண்டுகள் மாணவரிடம் விற்றிருக்கிறேன். டென்மார்க்கில் ஹோல்பெல் என்னும் தபால் ஊழியர் கிறிஸ்துமஸ் வாழ்த்துகளுக்கிடையே இருந்து எண்ணியெடுத்த யோசனையே அதற்கு மூலம். ஆனால் சீலை ஒட்டினால் கடிதம் போகாது. அது தனி நன்கொடை. அமெரிக்கத் தபால் தலையோ கடிதத்தையும் கொண்டு செல்லும், காசையும் கொண்டு செல்லும். மாமியாருக்கு நலம் விசாரித்து எழுதுகிறவரும், வரிப் பணம் கட்டுகிறவரும் தம் அன்றாட வேலையைச் செய்துகொண்டே ஆராய்ச்சிக்கு உதவினர்.

அந்தக் காசு எங்கே போயிற்று? நூற்றுக்கு எழுபது பங்கு தேசிய சுகாதார ஆய்வு நிலையங்களுக்கும், முப்பது பங்கு பாதுகாப்புத் துறையின் மருத்துவ ஆராய்ச்சித் திட்டத்திற்கும் செல்லவேண்டும் என்று சட்டமே வரையறுத்திருந்தது. அதனால் உதவி பெற்ற ஆய்வுகளுள் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

மார்பகத்தில் உள்ள கட்டியை அறுத்து எடுத்த பின்பு, நோய் திரும்பாதிருக்கக் கீமோதெரபி என்னும் கடுமையான மருந்துகளை ஏற்றுவது வழக்கம். தலைமயிர் உதிரும், வாந்தி வரும், உடல் மெலியும். இவ்வளவு துன்பமும் எல்லோருக்கும் தேவைதானா? இதை அறிய 2006-க்கும் 2010-க்கும் இடையே 10,273 பெண்கள் ஓர் ஆய்வில் சேர்ந்தனர். அவர்களுடைய நோய் ஹார்மோனால் வளரும் வகையினது. அக்குள் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவாதது. அறுத்தெடுத்த கட்டியில் 21 மரபணுக்களைச் சோதித்து, நோய் திரும்பும் வாய்ப்பை ஓர் எண்ணால் குறித்தார்கள். எண் மிகக் குறைந்தவர்களுக்கும் மிக உயர்ந்தவர்களுக்கும் வழி தெளிவாக இருந்தது. இடைப்பட்டவர்களுக்கே ஐயம். அவர்களைக் குலுக்குச் சீட்டு முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஹார்மோன் தடுப்பு மருந்து மட்டும், மற்றப் பிரிவினருக்கு அதனுடன் கீமோதெரபியும் கொடுத்தனர். 2018-இல் முடிவு வெளியாயிற்று. இடைப்பட்ட பெண்களுள் பெரும்பாலோர்க்குக் கீமோதெரபியால் கூடுதல் பயன் இல்லை. ஐம்பது வயதிற்குட்பட்ட சிலருக்கு மட்டும் ஓரளவு பயன் காணப்பட்டது. இத்தகைய நோயுடைய பல்லாயிரம் பெண்கள் இன்று அந்தக் கடும் மருந்தைத் தவிர்க்கின்றனர்.

எட்டு சென்ட் கொடுத்தவர்களைவிட, தங்களுக்கு எந்தச் சிகிச்சை கிடைக்கும் என்பதைச் சீட்டின் கையில் ஒப்படைத்த அந்தப் பெண்களையே நான் பெரிதாக மதிக்கிறேன். பணம் ஆய்வை நடத்தலாம். ஆய்வு என்பது அவர்கள் உடல்தானே?

இனி, விழிப்புணர்ச்சி பற்றி ஒரு சொல். என் தமக்கையார் தம் மார்பில் கட்டி இருப்பதை ஏறக்குறைய ஓராண்டு எவரிடமும் சொல்லவில்லை. வலி இல்லாததால் ஆபத்தில்லை என்று எண்ணினார். வலி இருந்தாலும் சொல்லியிருப்பாரோ என்பது ஐயமே. 2001-இல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது நோய் அக்குளுக்குப் பரவியிருந்தது. அதன்பின் அவர் மூன்றாண்டே இருந்தார். அவர் வீட்டிலும் என் வகுப்பறையிலும் நிலவியது ஒரே நாணம்தான்.

தபால் தலைப் பெண் செய்வதுபோல் தாமே முறையாகப் பரிசோதித்துக்கொள்வது உயிரிழப்பைக் குறைக்குமா என்று சீனத்து ஷாங்காய் நகரில் 2,66,064 நெசவாலைப் பெண்களிடம் ஆய்ந்தார்கள். குறையவில்லை என்று 2002-இல் தெரிந்தது. ஆகவே இன்று மருத்துவர்கள் வற்புறுத்துவது ஒரு பயிற்சியையன்று. கட்டி, தோல் உட்குழிதல், காம்பு உள்வாங்குதல், இரத்தக் கசிவு ஆகிய மாறுதல் எதைக் கண்டாலும் தாமதிக்காமல் காட்டுவதையே.

பம்பாயில் டாட்டா நினைவு மருத்துவமனையார் 1998-இல் தொடங்கிய ஆய்வு வேறு வகையானது. 1,51,538 பெண்கள் அதில் இடம்பெற்றனர். அவர்களுள் ஒரு பாதியினரை, பெரிய மருத்துவர்கள் அல்லர், பள்ளிப் படிப்பும் சில வாரப் பயிற்சியும் பெற்ற பெண் ஊழியர்களே இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தனர். இருபது ஆண்டுகளுக்குப் பின், ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடையே இந்நோயால் நேர்ந்த இறப்பு நூற்றுக்கு முப்பது அளவிற்குக் குறைந்திருந்தது என 2021-இல் வெளியிட்டனர். ஐம்பதுக்குட்பட்டவர்களிடம் அப்படியொரு பயன் தோன்றவில்லை. வீடு வீடாகச் சென்ற அந்த ஊழியர்களின் பள்ளிப் படிப்பை உங்களில் பலர் ஏற்கெனவே முடித்திருப்பீர்கள்.

அக்டோபர் மாதத்தில் இளஞ்சிவப்பு நாடா ஒட்டிய பொருள்கள் கடைகளில் குவிகின்றன. வாங்கலாம், ஆனால் எத்தனை காசு, யாருக்கு, என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். தபால் தலைக்குச் சட்டம் கணக்கு வைத்தது. சோப்புக்கும் பேனாவுக்கும் யார் வைப்பது?

அந்த இரு மாணவர்களுள் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் தம் மகளுடன் என் வீட்டிற்கு வந்திருந்தார். தபால் தலை அவருடைய தொகுப்பில் அப்படியே இருந்தது. அஞ்சல் முத்திரையின் கருவட்டம் அம்பறாத்தூணியின்மேல் விழுந்திருந்தது. "இவள் ஏன் கையைத் தூக்கியிருக்கிறாள், தாத்தா?" என்று அச்சிறுமி கேட்டாள். இம்முறை இரண்டு பாதியையும் சொன்னேன்.