ஜன்னலோர ஸீட்டும் ஒரு டம்ளர் தண்ணீரும்

ஃபாரின் போகிறேன் என்று சொன்னதும் ஆபீஸில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "ஜன்னலோர ஸீட்டா ஸார்?" என்பதுதான். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்து வளர்ந்த பரம்பரை. வேறென்ன கேட்கும்! வளைகுடாவில் இறங்கி ஏறி, அங்கிருந்து ஸான்ஃபிரான்ஸிஸ்கோ வரை ஒரே மூச்சில் ஏறக்குறைய 16 மணி நேரம் எகானமி வகுப்பில் உட்கார்ந்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன். ஜன்னல் வேண்டாம். ஏன் என்பதற்கு வருகிறேன்.

முதலில் ஸீட். மேஜையில் ஸ்கேல் இருந்தால் எடுங்கள். அகலம் 17 அங்குலம், மிஞ்சிப் போனால் 18. வரிசைக்கு வரிசை இடைவெளி 31, 32 அங்குலம் என்று போட்டிருப்பார்கள். ஆஹா, இரண்டரை அடிக்குக் கால் நீட்டலாம் என்று குஷியாகிவிட வேண்டாம். உங்கள் ஸீட்டின் முதுகிலிருந்து முன் ஸீட்டின் முதுகு வரைக்குமான அளவு அது. மெத்தையின் கனம், நீங்கள், உங்கள் தொப்பை எல்லாம் அதற்குள் அடக்கம். போயிங் 777 விமானம் 1995-ல் ஓட ஆரம்பித்தபோது எகானமியில் வரிசைக்கு ஒன்பது பேர் என்பதுதான் பெரும்பாலும் வழக்கம். பிற்பாடு பல கம்பெனிகள் அதே அகலத்துக்குள் மூணு, நாலு, மூணு என்று பத்தாவது ஆளையும் ஏற்றிவிட்டன. நம்ம ஊர் ஷேர் ஆட்டோக்காரர் கேள்விப்பட்டால் பெருமைப்படுவார்.

2018-ல் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்கை ஒட்டிய நியூவார்க்குக்கு நிற்காமல் பறக்கும் ஸர்வீஸை மறுபடி தொடங்கினார்கள். 18 மணி நேரத்துக்கும் மேலே. அந்த விமானத்தில் எகானமி வகுப்பே வைக்கவில்லை. வியாபாரக் கணக்குதான். ஆனாலும் மனிதாபிமானம் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கொரு ஆறுதல்.

அடுத்தது சாப்பாடு. "உப்பு இல்லை, உறைப்பு இல்லை" என்று ஏர்ஹோஸ்டஸிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். வெளியே 35,000 அடி என்றாலும், உள்ளே காற்றழுத்தத்தை 6,000 முதல் 8,000 அடி உயரத்து மலையில் இருப்பதுபோல வைக்கிறார்கள். ஊட்டி சுமார் 7,350 அடி. ஆக, பத்து டாலர் செலவில்லாமல் ஊட்டியில் உட்கார்ந்திருக்கிறீர்கள்! ஊட்டியின் ஈரம்தான் கிடையாது. ஈரப்பதம் 20 சதவிகிதத்துக்கும் கீழே. சுத்தமான பாலைவனக் காற்று. மூக்கு காய்ந்து போகிறது, உப்பும் இனிப்பும் நாக்குக்கு மங்கலாகிவிடுகின்றன. ஜெர்மனியில் ஃப்ரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தார் தரையிலேயே ஒரு விமானக் கூண்டை வைத்து, ஆட்களை உள்ளே உட்காரவைத்துச் சாப்பாடு போட்டே இதைச் சோதித்திருக்கிறார்கள். (அந்த வேலைக்கு எங்கே அப்ளிகேஷன் போடுவது?)

இப்போது ஜன்னலுக்கு வருவோம்.

என் வரிசையில் நடைபாதை ஓரம் நான். நடுவில் கண்ணுக்குக் கறுப்புப் பட்டி, காதுக்கு ஹெட்ஃபோன் சகிதம் ஒரு ஹைதராபாத் இளைஞன். ஜன்னலோரம் ஒரு அம்மா. வேதாரண்யம் பக்கம். வயசு அறுபதுக்கு மேல். மகளுக்கு அடுத்த மாசம் பிரசவம். மடியில் ஒரு பை. அதற்குள் சுக்கு, பெருங்காயம், பிரசவ லேகியம் என்று ஒரு நாட்டு மருந்துக் கடையே இருந்தது.

ஜூஸ் வந்தது. "வேணாம்மா." சாப்பாடு வந்தது. இரண்டு வாய் தயிர் சாதத்தோடு சரி. தண்ணீர் வந்தது. "வேணாம்." ஆறு மணி நேரம் இப்படியே போனது. எனக்குத் தாங்கவில்லை.

"ஏம்மா, ஒரு வாய் தண்ணிகூட குடிக்கலையே?"

குரலைத் தாழ்த்திக்கொண்டார். "குடிச்சா எந்திரிக்கணும்ல தம்பி. இந்தப் புள்ள அசந்து தூங்குது. ஒங்களையும் எழுப்பணும்."

"எழுப்பினா என்ன?"

கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்தார். அதுவும் மூடித்தான் இருந்தது. எல்லோரும் தூங்குவதற்காகத் திரையை இறக்கச் சொல்லியிருந்தார்கள். "முன்னால வந்த பிளேன்ல போனேன் தம்பி. அந்தக் கதவத் தொறக்கத் தெரியல. பின்னால நாலு பேரு நிக்கிறாங்க. வெக்கமாப் போச்சு, திரும்பி வந்துட்டேன்."

மகள், "மேகம் பார்த்துக்கிட்டே வாம்மா" என்று தனியாகப் பணம் கட்டி வாங்கிக் கொடுத்த ஸீட் அது.

சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம் இல்லை இது. காலுக்கு இறங்கிய ரத்தத்தை மேலே ஏற்றிவிடும் பம்பு, நம் கெண்டைக்கால் தசை. மணிக்கணக்காக அசையாமல் இருந்தால் பம்பு ஓய்ந்துவிடுகிறது. ஆழத்தில் இருக்கிற நரம்பில் ரத்தம் உறைந்து கட்டுகிறது. அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலில் போய் அடைத்தால் உயிருக்கே உலை. 2000 அக்டோபரில் ஸிட்னியிலிருந்து லண்டன் வந்திறங்கிய 28 வயசுப் பெண் ஒருவர் விமான நிலையத்திலேயே சரிந்து விழுந்தார், பிழைக்கவில்லை. 'எகானமி கிளாஸ் ஸிண்ட்ரோம்' என்ற பெயர் பேப்பர்களில் பெரிதாக அடிபட்டது அப்போதுதான்.

பெயரில்தான் எகானமி. விஷயம் பழசு. 1940-ல் லண்டனில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது ஜனங்கள் ராத்திரி பூரா பதுங்குமிடங்களில் டெக் சேரில் உட்கார்ந்தே தூங்கினார்கள். அவர்களில் சிலர் இதே மாதிரி திடீர் திடீரென்று இறந்ததை கீத் ஸிம்ப்ஸன் என்ற டாக்டர் 'லான்ஸெட்' பத்திரிகையில் அப்போதே எழுதினார். குண்டுக்குத் தப்பியவர்களை நாற்காலி கொன்றிருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2007-ல் கணக்குச் சொன்னது: 4 மணி நேரத்துக்கு மேல் அசையாத பயணம் என்றால், விமானமோ ரயிலோ பஸ்ஸோ, ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்படியும் 6,000 பேரில் ஒருவருக்குத்தான். டிக்கெட்டைக் கேன்ஸல் பண்ணிவிடாதீர்கள்! ஆனால் ரொம்ப உயரமானவர்களுக்கும், 1.6 மீட்டருக்குக் குறைவானவர்களுக்கும் ஆபத்து சற்றுக் கூடுதல் என்றும் அதில் இருக்கிறது. அதாவது ஐந்தேகால் அடி. நம் அம்மாக்களில் எத்தனை பேர் அதைத் தாண்டுவார்கள்? வேதாரண்யத்து அம்மாவுக்குக் கால் தரையிலேயே படவில்லை. அமெரிக்க நெஞ்சக டாக்டர்கள் 2012-ல் வெளியிட்ட குறிப்பிலோ, ஆபத்தைக் கூட்டும் சங்கதிகளில் ஜன்னலோர ஸீட்டும் ஒன்று. அங்கே உட்கார்ந்தவர் எழுந்திருப்பதில்லை.

ஹைதராபாத்தைத் தோளில் தட்டினேன். பதறி எழுந்து, "ஸாரி ஆன்ட்டி! எழுப்பியிருக்கலாமே" என்று வழி விட்டான். நல்ல பையன். கழிவறைக் கதவின் நடுவில் கையை வைத்து அழுத்தினால் உள்பக்கமாக மடியும், தாழ்ப்பாளைத் தள்ளினால்தான் விளக்கு நன்றாக எரியும், கடைசியில் பட்டனை அமுக்கினால் 'புஸ்ஸ்' என்று பயங்கரமாக உறுமும், பயப்பட வேண்டாம்... இவ்வளவுதான் பாடம். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"ஆத்தாடி! ஆளையே உள்ள இழுத்துரும் போலிருக்கே" என்று சிரித்துக்கொண்டே வந்தார். பின்பக்கத்துச் சமையல் மூலையில் நின்றபடி இரண்டு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்தார். அங்கே ஏற்கெனவே ஒரு பஞ்சாபி அம்மா, ஒரு தெலுங்கு அம்மா. மூன்று பேருமே பிரசவ டியூட்டி! பாஷை கிடையாது. ஆனால் பை திறந்தது, லேகியம் கைமாறியது, ஏர்ஹோஸ்டஸ் உள்பட எல்லோரும் முகர்ந்து பார்த்தார்கள். அதற்கப்புறம் இரண்டு மணிக்கொரு தரம் அம்மா தானாகவே எழுந்து, "வாங்க தம்பி, ஒரு நடை போயிட்டு வருவோம்" என்று என்னையும் கிளப்ப ஆரம்பித்துவிட்டார்.

அமெரிக்காவிலிருந்து அம்மாவுக்கு டிக்கெட் போடுகிற தம்பிகளே! நடைபாதை ஓர ஸீட்டாகப் போடுங்கள். சைவச் சாப்பாட்டை ஒரு நாள் முன்பாவது சொல்லி வையுங்கள். பாஸ்போர்ட், இன்ஷூரன்ஸ், இமிக்ரேஷனில் என்ன பதில் சொல்வது என்று அரை மணி நேரம் போனில் வகுப்பெடுக்கிறீர்களே, அதில் அந்தக் கதவுக்கும் ஒரு நிமிஷம் ஒதுக்குங்கள். அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.

இறங்கும் நேரத்தில் எல்லோரையும் அவரவர் இடத்தில் உட்காரச் சொல்லித் திரையைத் தூக்கினார்கள். கீழே ஸான்ஃபிரான்ஸிஸ்கோ விரிகுடா. தண்ணீர் கட்டம் கட்டமாக, சில கட்டங்கள் செக்கச்செவேலென்று. ஹைதராபாத் செல்போனை நீட்டி, "ஏதோ கெமிக்கல் கழிவு போலிருக்கு" என்றான்.

அம்மா கண்ணாடியில் நெற்றி முட்டப் பார்த்தார்.

"கெமிக்கலும் இல்ல, ஒண்ணும் இல்ல. உப்பளம் தம்பி. உப்பு முத்துனா தண்ணி இப்படித்தான் செவக்கும். எங்க ஊர்ல வந்து பாரு."