தோல் நகரங்களுக்குத் தேவை கழிவுநீர்ப் பொறியாளர்கள்

பிளஸ் டூ முடித்த பிள்ளையை என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்டால், கம்ப்யூட்டர் அல்லது மருத்துவம் என்றே பெரும்பாலும் பதில் வருகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை மக்களின் பிழைப்போடு பிணைந்த ஒரு துறை நம் கண்ணில் படுவதில்லை. அது தண்ணீர், கழிவுநீர்ப் பொறியியல்.

டேனரிக் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்த வழக்கில், 1996இல் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பு வழங்கியது. கழிவைச் சுத்திகரிக்காத டேனரி இயங்க முடியாது என்பது அதன் சாரம். ஆக, சுத்திகரிப்பு நிலையம் நின்றால் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பும் அணையும்.

அங்கே பொறியாளருக்கு என்ன வேலை?

பதப்படுத்தும்போது சேரும் குரோமியத்தைத் தனியே பிரித்தெடுக்க வேண்டும். அழுக்கைத் தின்னும் நுண்ணுயிரிகளுக்குத் தொட்டியில் இடைவிடாமல் காற்று செலுத்த வேண்டும். ஆனால் பச்சைத் தோலில் தடவிய உப்பை நுண்ணுயிரி தின்னாது. அதற்கு ஆர்.ஓ. இயந்திரமும், மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி வற்றவைக்கும் கருவியும் தேவை. தினமும் மாதிரி எடுத்துப் பரிசோதிப்பதும் அவர் பொறுப்பே.

இதைவிடப் பெரிய பொறுப்பு உயிர்க்காவல். 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் சுத்திகரிப்பு நிலையத் தொட்டி உடைந்து 10 தொழிலாளர்கள் இறந்தனர். கழிவுத் தொட்டிகளில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு முதலில் அழுகிய முட்டைபோல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. நாற்றம் இல்லையே என்று இறங்குபவர் மயங்கி விழுவார். தூக்கப் போனவரும் விழுவார். வாயுவை அளக்காமல், பாதுகாப்புக் கருவி இல்லாமல் எவரையும் இறக்க விடாதவரே நல்ல பொறியாளர்.

படிப்பு: பி.இ. சிவில், கெமிக்கல் அல்லது சுற்றுச்சூழல் பொறியியல். டிப்ளமோ படித்தவர்களுக்கு நிலையத்தை இயக்கும் பணியும், பி.எஸ்சி. வேதியியல் படித்தவர்களுக்குப் பரிசோதனைக்கூடப் பணியும் உண்டு. ஷிப்டு வேலை, நாற்றம், இரவில் வரும் அழைப்பு ஆகியவற்றுக்கு மனம் தயாராக வேண்டும். குடிநீர் வடிகால் வாரியம், நகராட்சிகள், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் ஆகியவற்றிலும், வளைகுடா நாடுகளிலும் இதே படிப்புக்கு வேலை இருக்கிறது.

பெற்றோர்களே, கல்லூரி விண்ணப்பம் போடும் முன் பிள்ளையை ஒரு சுத்திகரிப்பு நிலையத்துக்கு, அனுமதி பெற்று, ஒருமுறை அழைத்துச் சென்று காட்டுங்கள். பிறகு அவர்களே முடிவு செய்யட்டும்.